ரத்தசோகைக்குக் குடித்த கீரைச் சாறும் மீண்டும் வந்த சிறுநீரகக் கல்லும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழக நகரம் ஒன்றில், பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் விற்பனைப் பணியில் இருக்கும் 38 வயதுப் பெண் ஒருவர், சிறுநீர்க்குழாயில் சிக்கியிருந்த கல் அகற்றப்பட்ட பிறகு, இனிமேல் கல் வராமலிருக்க எவற்றைச் சாப்பிடலாம் என்று கேட்டு எங்கள் உணவியல் ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அது அவருக்கு வந்த இரண்டாவது கல். முதல் கல் வெளியேறிப் பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. அந்தப் பதினான்கு மாதங்களும் அவர் உணவில் அலட்சியமாக இருந்தவர் அல்லர். சொன்னவற்றையெல்லாம் தவறாமல் கடைப்பிடித்தவர். கீரையும் அவருடைய உணவில் குறைவாக இல்லை. அவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் கல் திரும்ப வந்தது ஏன் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை பிறருக்கும் பயன்படும் என்பதால், அவருடைய ஒப்புதலுடன், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, இந்நிகழ்வு இங்கே பதிவு செய்யப்படுகிறது.

அவர் கணவர், பள்ளியில் படிக்கும் மகள், மாமியார் ஆகியோருடன் வசிக்கிறார். காலை பத்து மணிக்குக் கடைக்குச் சென்றால் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். அதனால் வீட்டுச் சமையல் பெரும்பாலும் மாமியாரின் பொறுப்பு.

முதல் முறை கல் வந்தபோது, வலது விலாவில் தொடங்கிய வலி அடிவயிறு வரை இறங்கி, வாந்தியும் சேர்ந்துகொண்டது. ஸ்கேனில் வலது சிறுநீர்க்குழாயில் 5 மி.மீ. அளவுள்ள கல் தெரிந்தது. இவ்வளவு சிறிய கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். இவருக்கும் வலி மருந்துடன் சில நாட்களில் வெளியேறியது. அந்தக் கல்லை யாரும் எடுத்து வைக்கவில்லை. அது எவ்வகைக் கல் என்பதும் ஆராயப்படவில்லை.

அதன் பிறகு உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் அக்கறையோடு சொன்ன அறிவுரைகள் அவருடைய உணவை முழுமையாக மாற்றின. தக்காளி விதை கல்லாகும் என்று சொல்லப்பட்டதால் தக்காளி நின்றது. கல்லில் இருப்பது சுண்ணாம்புச் சத்து என்பதால் பால், தயிர், மோர் மூன்றும் நின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாழைத்தண்டுச் சாறு குடித்தார். இவற்றோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அதே சமயத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1 கிராம் என்று வந்ததால், ரத்தம் ஊறுவதற்காகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் பாலக் கீரையும் பீட்ரூட்டும் சேர்த்து அரைத்து வடிகட்டிய சாற்றைக் குடிக்கத் தொடங்கினார். கொரோனா காலத்தில் பழகிய 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரையையும் அவர் விடவில்லை. இரும்புச் சத்து உடலில் சேர அது உதவும் என்று எங்கோ படித்திருந்தார்.

இரண்டாவது முறை

இம்முறை வலி இடப்பக்கம் வந்தது. சி.டி. ஸ்கேனில் இடது சிறுநீர்க்குழாயின் மேற்பகுதியில் 8 மி.மீ. கல்லும், அதற்கு மேலே சிறுநீரகத்தில் சற்று நீர் தேங்கியிருப்பதும், சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 3 மி.மீ. அளவில் இன்னொரு கல்லும் காணப்பட்டன. காய்ச்சல் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கல் அடைப்போடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால், அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமித்தொற்று பரவியிருக்கலாம், அந்நிலையில் வீட்டு வைத்தியத்துக்கோ மறுநாள் வரை காத்திருப்பதற்கோ இடமில்லை, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலி குறையாததாலும் கல்லின் அளவாலும், சிறுநீர்ப்பாதை வழியாகக் குழாய்க் கருவியைச் செலுத்தி லேசர் மூலம் கல் உடைத்து எடுக்கப்பட்டது. சிறுநீர் தடையின்றி இறங்க உள்ளே வைக்கப்பட்ட டிஜே ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாய் இரண்டு வாரங்களில் அகற்றப்பட்டது. கல்லின் துண்டுகள் இம்முறை ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் என்று முடிவு வந்தது. சிறுநீரகக் கற்களில் மிகப் பெரும்பாலானவை, கால்சியமும் தாவரங்களில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து உருவாகும் இந்தக் கால்சியம் ஆக்சலேட் வகையைச் சேர்ந்தவையே.

ஆலோசனையில் கவனித்தவை

ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், யூரிக் அமிலம், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் ஆகிய நான்கும் இயல்பாக இருந்தன. ஆகவே சுரப்பிக் கோளாறால் கல் உருவாகும் வாய்ப்பு விலக்கப்பட்டது. ஹீமோகுளோபின் 8.9 ஆகக் குறைந்திருந்தது. பதினான்கு மாதங்கள் கீரைச் சாறு குடித்த பிறகும் அது உயரவில்லை, சற்று இறங்கியிருந்தது என்பதை அவரிடமே காட்டினோம். உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் மிகக் குறைவு.

அடுத்து 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு நாள் காலையில் எழுந்தவுடன் கழிக்கும் சிறுநீரை விட்டுவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை எழுந்து கழிக்கும் சிறுநீர் உட்பட அனைத்தையும் ஒரே கேனில் சேர்க்க வேண்டும். அவர் வார விடுமுறை நாளில் சேகரிப்பதாகச் சொன்னார். வேலை நாளில் சேகரிக்குமாறு கேட்டுக்கொண்டோம். வீட்டில் இருக்கும் நாளில் அவர் குடிக்கும் தண்ணீரும் சாப்பிடும் சாப்பாடும் வேறு. வாரத்தில் ஆறு நாட்கள் நடப்பதுதான் கல்லைத் தீர்மானிக்கிறது. கடையின் கட்டைப்பை ஒன்றில் கேனை மறைத்து வைத்து, கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டு அவர் முழுமையாகச் சேகரித்துக் கொடுத்தார். இந்நிகழ்வில் சரியான முடிவெடுக்க எங்களுக்கு எல்லாவற்றையும்விட உதவியது அந்த ஒரு நாள் சேகரிப்பே.

சிறுநீரின் மொத்த அளவு 1,050 மி.லி. ஆக்சலேட் 68 மி.கி.; இது பொதுவாக 40 முதல் 45 மி.கி.க்குள் இருக்க வேண்டும். கல் உருவாகாமல் காக்கும் சிட்ரேட் 210 மி.கி.; இது 320 மி.கி.க்கு மேல் இருக்க வேண்டும். சோடியம் 205 மில்லிமோல், அதாவது ஏறத்தாழ 12 கிராம் உப்பு. கால்சியம் 190 மி.கி.; பெண்களுக்கு 200 மி.கி. வரை இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. பாலும் தயிரும் அறவே இல்லாத ஒருவருக்குக் கால்சியம் வரம்பை ஒட்டி வந்திருப்பது உப்பின் வேலை. சிறுநீரில் சோடியம் 100 மில்லிமோல் கூடினால், அதனுடன் சுமார் 40 மி.கி. கால்சியமும் கூடுதலாக வெளியேறும்.

அவருடைய சாப்பாட்டை வாய்மொழியாக மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளாமல், சாறு குடிக்கும் எவர்சில்வர் டம்ளரையும் ஒரு நாள் பயன்படுத்தும் கீரைக் கட்டையும் எடுத்துவரச் சொன்னோம். டம்ளர் 200 மி.லி. கொண்டது. கீரை ஆய்ந்த பிறகு 110 கிராம் இருந்தது. அதனுடன் பாதி பீட்ரூட். நூறு கிராம் பச்சைப் பாலக் கீரையில் பெரும்பாலான அளவீடுகளின்படி 600 மி.கி.க்கும் மேல் ஆக்சலேட் உண்டு. பீட்ரூட்டும் ஆக்சலேட் மிகுந்த கிழங்கு. கால்சியம் ஆக்சலேட் கல் உள்ளவர்களுக்கு உணவின் மொத்த ஆக்சலேட் நாளொன்றுக்குச் சுமார் 100 மி.கி. என்ற வரம்பைப் பல உணவியலாளர்கள் சொல்வதுண்டு. அவர் அதைப் போல் பல மடங்கைக் காலை ஏழு மணிக்கே, வெறும் வயிற்றில், ஒரே மூச்சில் குடித்துக்கொண்டிருந்தார்.

மதிய உணவு பெரும்பாலும் புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ, கூடவே ஊறுகாயும் அப்பளமும். மாமியாரிடம் கேட்டபோது, ஒரு கிலோ தூள் உப்புப் பொட்டலம் நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று வாரம் வருவதாகச் சொன்னார். கணக்கிட்டால் தலைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 கிராம். பரிசோதனை சொன்ன அளவும் அதுவே. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராமுக்கும் கீழ்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது அவர் முதலில் தயங்கினார். ஒரு லிட்டர் பாட்டில் கடைக்குப் போய்ப் பாதி நிறைவாகவே திரும்பி வரும். கழிப்பறை மூன்றாம் மாடியில் இருந்தது. பிரிவை விட்டுப் போக மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். முகூர்த்த நாட்களில் கேட்கவே முடியாது. அதனால் பல ஆண்டுகளாகவே தாகத்தை அடக்கிப் பழகியிருந்தார். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது நல்ல செய்தி. வேலைக்கு நடுவே சிறுநீர் கழிக்கத் தயக்கமின்றிச் செல்லும் வசதியும் அதே அளவு கவனம் பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சிறுநீரகக் கல் பற்றிய எந்த உணவுப் பட்டியலும் இந்த இடத்தைத் தொடுவதில்லை.

காரணத்தைப் புரிந்துகொண்ட விதம்

ஆக்சலேட் என்பது தாவரங்களில் இயல்பாக உள்ள ஒரு பொருள். சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் நாக்கில் அரிப்பதற்கு அவற்றில் ஊசி வடிவில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்களே காரணம். உணவில் வரும் ஆக்சலேட் குடலில் கால்சியத்தைச் சந்தித்தால், இரண்டும் அங்கேயே பிணைந்து மலத்தோடு வெளியேறிவிடும். கால்சியம் இல்லாவிட்டால், கரைந்த நிலையில் உள்ள ஆக்சலேட் ரத்தத்தில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே கால்சியத்தைச் சந்தித்தால் கல்லாகும். ஆகவே கல்லுக்குப் பயந்து தயிரை விட்டது, ஆக்சலேட்டைக் குடலில் தடுத்து நிறுத்தும் முக்கியத் தடையை எடுத்துவிட்டதற்குச் சமமாயிற்று.

பாலைத் தவிர்ப்பதால் கல் குறையாது என்பது மருத்துவ உலகில் முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அமெரிக்காவில் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியான ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்கே கல் குறைவாக வந்தது. இத்தாலியின் பார்மா நகரில், மீண்டும் மீண்டும் கல் வந்த, சிறுநீரில் கால்சியம் மிகுந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கி ஐந்தாண்டுகள் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் புலாலையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே திரும்பியது. எங்கள் நோயாளி பெண் என்பதாலும், அவருடைய சிறுநீர்க் கால்சியம் வரம்புக்குள் இருந்ததாலும் இம்முடிவுகளை அவருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் தயிரைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பதற்கு அவை போதுமான துணிவைத் தந்தன.

வைட்டமின் சி உடலில் சிதையும்போது ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறுகிறது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை வழியாக வருவதில் கவலையில்லை. மாத்திரையாகத் தினமும் அதிக அளவில் எடுப்பதுதான் கல் உள்ளவர்களுக்கு ஆகாதது.

இனிச் சிட்ரேட். சிறுநீரில் கால்சியத்தோடு இணைந்துகொண்டு, அது ஆக்சலேட்டோடு சேராமல் காப்பது இதன் வேலை. காய்கறிகளிலும் பழங்களிலும் உள்ள பொட்டாசியம் உப்புகள் உடலுக்குக் காரத்தன்மை அளித்துச் சிட்ரேட்டை உயர்த்துகின்றன. இதே பார்மா ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் உணவிலிருந்து காய்கறி, பழங்களை இரண்டு வாரங்கள் நீக்கியபோது சிறுநீரில் சிட்ரேட் குறைந்தது, கால்சியம் கூடியது. சிட்ரேட் குறைவாக இருந்த கல் நோயாளிகளுக்கு ஆக்சலேட் குறைந்த காய்கறி, பழங்களைச் சேர்த்தபோது சிட்ரேட் நன்றாக உயர்ந்தது, ஆக்சலேட் உயரவில்லை. சிறுநீரகக் கல்லுக்குக் காய்கறி நல்லது என்ற கூற்றின் உண்மையான அடிப்படை இதுதான். இவருடைய உணவில் தினமும் வந்தவை பாலக்கும் பீட்ரூட்டும் மட்டுமே. மற்ற காய்கள் இரவு நேரத்து ஒரு கரண்டிப் பொரியலோடு நின்றுவிட்டன.

எடுத்த முடிவுகள்

சிறுநீரக மருத்துவரும் நாங்களும் சேர்ந்து பேசியபோது, சிறுநீரில் சிட்ரேட்டை உயர்த்தும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்தை உடனே தொடங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அவர் தம் உணவை மாற்றிக்கொள்ள மிகுந்த ஆர்வத்துடன் இருந்ததால், எட்டு வாரங்கள் உணவு மாற்றத்தை மட்டும் செய்து, பின்பு மீண்டும் 24 மணி நேரப் பரிசோதனை எடுத்து முடிவு செய்வது என்று தீர்மானிக்கப்பட்டது. கல் மிகப் பெரியதாக இருந்திருந்தாலோ ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவராக இருந்திருந்தாலோ இப்படிக் காத்திருந்திருக்க மாட்டோம்.

முதலில் பச்சைக் கீரைச் சாறும் வைட்டமின் சி மாத்திரையும் நிறுத்தப்பட்டன. பழம், கீரைச் சாறுகளை எச்சரிக்கையின்றி மிகுதியாகக் குடிப்பதால் கல்லைவிடப் பெரிய ஆபத்தும் நேரலாம். புளிச்சக்காய் எனப்படும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கேரளத்தில் குடித்தவர்களுக்கு, ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளன.

கீரையை முழுவதுமாக நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால், அந்த வீட்டில் எங்கள் பேச்சு எடுபட்டிருக்காது என்பதோடு, அது தேவையுமில்லை. பாலக், தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை ஆகியவற்றுக்குப் பதிலாக, ஆக்சலேட் மிகக் குறைந்த வெந்தயக்கீரையும், அவற்றைவிடக் கணிசமாகக் குறைந்த முருங்கைக்கீரையும் வாரம் இருமுறை என்று வைத்துக்கொண்டோம். எப்போதாவது தண்டுக்கீரை சமைக்க நேர்ந்தால், நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பங்கு அத்தண்ணீரோடு போய்விடும். ஆவியில் வேகவைத்தால் அந்த அளவு குறையாது. அரைத்துப் பச்சையாகக் குடித்தால் சிறிதும் குறையாது.

இந்த இடத்தில் மாமியாருடன் நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது. "கீரையை விட்டா ரத்தம் எப்படிம்மா ஊறும்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதினான்கு மாதங்களில் ஹீமோகுளோபின் ஏறாததைக் காட்டி, கீரையில் உள்ள இரும்பில் உடல் எடுத்துக்கொள்ளும் பங்கு மிகச் சிறியது என்பதை விளக்கினோம். கீரை சாப்பிடும் அதே வேளையில் தயிரும் வேண்டும் என்றபோது, "கீரையும் தயிரும் சேரக்கூடாதுன்னு எங்க அம்மா காலத்துலேர்ந்து சொல்லுவாங்களே" என்றார். அந்த நம்பிக்கை நம் வீடுகளில் எவ்வளவு ஆழமானது என்பது தெரியும். ஆக்சலேட்டைப் பொறுத்தவரை, கீரை மசியலுக்குப் பின் அதே சாப்பாட்டில் தயிர்சாதம் வருவதே நன்மை. அவர் உடனே ஒப்பவில்லை. மதியத்தில் மட்டும் அப்படிச் செய்து பார்ப்பதாகவும், இரவில் கீரை சமைக்க முடியாது என்றும் சொன்னார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

காய்கறி குறையவில்லை, கூட்டப்பட்டது. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், பூசணி, முட்டைக்கோஸ், முள்ளங்கி, வெள்ளரி ஆகியவை நாள்தோறும் இரு வேளையும், ஒவ்வொரு வேளையும் ஒரு கிண்ணம் நிறைய இருக்க வேண்டும் என்றோம். தக்காளியில் ஆக்சலேட் குறைவே. அது திரும்பி வந்தது, அதனால் ரசமும் திரும்பி வந்தது. சர்க்கரைவள்ளி, சேனை, சேம்பு, பீட்ரூட் ஆகியவை எப்போதாவது, தயிருடன். பாதாமும் முந்திரியும் கைப்பிடி கைப்பிடியாக வேண்டாம். வாழைத்தண்டைப் பொரியலாகவோ மோர்க்கூட்டாகவோ தாராளமாகச் சாப்பிடலாம். அதன் சாறு எலிகளில் சிறுநீர் ஆக்சலேட்டைக் குறைத்ததாக ஆய்வு உண்டு, ஆனால் உருவாகிவிட்ட கல்லை மனிதர்களில் அது கரைக்கும் என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட ஆதாரம் இல்லை.

தயிர் அல்லது மோர் இரு முக்கிய வேளை உணவுகளோடும் சேர்க்கப்பட்டது. ஊறுகாயும் அப்பளமும் வாரம் ஒரு நாளோடு நின்றன. சமையல் உப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எலுமிச்சைச் சாறு உப்பும் சர்க்கரையும் இல்லாமல், நாளுக்கு இரண்டு பழம்.

ரத்தசோகையைத் தனியாகப் பார்த்தாக வேண்டியிருந்தது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்பது கேட்ட பிறகே தெரியவந்தது. மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பியதில் கருப்பைக் கட்டி கண்டறியப்பட்டுச் சிகிச்சை தொடங்கியது. இரும்பு மாத்திரை தரப்பட்டது. கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால், மாத்திரையைத் தயிரோடும் டீயோடும் சேர்க்காமல், காலை பதினொரு மணியளவில் எலுமிச்சைச் சாறோடு எடுக்குமாறு நேரம் பிரிக்கப்பட்டது. வாரம் ஒரு முறை சிறிதளவு ஆட்டு ஈரல் அனுமதிக்கப்பட்டது. ஈரல் யூரிக் அமிலத்தைக் கூட்டும் என்பதால், யூரிக் அமிலக் கல் உள்ளவராக இருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டோம்.

தண்ணீருக்கு இலக்கு, குடிக்கும் அளவைவிட வெளியேறும் அளவே. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டி, நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குக் குடிக்கச் சொல்கிறது. எழுந்ததும் இரண்டு டம்ளர், கடை திறக்கும் முன் ஒரு பாட்டில், மதியம் ஒரு பாட்டில், வீடு திரும்பியதும் இரண்டு டம்ளர், படுக்கும் முன் ஒன்று என்று பிரித்தோம். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ இல்லாததால்தான் இந்த அளவு சொல்லப்பட்டது. சிறுநீரக மருத்துவர், இவருக்கு மருத்துவக் காரணங்களால் அடிக்கடி கழிப்பறை செல்ல வேண்டியிருக்கும் என்று கடைக்கு ஒரு கடிதம் கொடுத்தார். மேற்பார்வையாளர் மறுக்கவில்லை. அவரைக் கழிப்பறைக்கு அருகிலுள்ள குழந்தைகள் ஆடைப் பிரிவுக்கு மாற்றினார்.

தொடர்ந்து நடந்தவை

எட்டு வாரங்களுக்குப் பின் எடுத்த பரிசோதனையில் சிறுநீர் 2,150 மி.லி. ஆகியிருந்தது. ஆக்சலேட் 34 மி.கி., சிட்ரேட் 365 மி.கி., சோடியம் 138 மில்லிமோல். தயிர் திரும்பி வந்த பிறகும் சிறுநீர்க் கால்சியம் 172 மி.கி. என்று குறைந்தே இருந்தது. அந்த ஒரு எண்ணைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தயிர் மீதிருந்த பயம் முழுமையாக நீங்கியது. அதுவரை எங்களுக்காகவே சாப்பிட்டு வந்ததாகச் சொன்னார். பொட்டாசியம் சிட்ரேட் மருந்து தேவைப்படவில்லை.

எல்லாம் நேராகச் செல்லவில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் எடுத்த பரிசோதனையில் சிறுநீர் 1,400 மி.லி. ஆக இறங்கியது. தண்ணீர் முன்பு குடித்த அளவே. வியர்வையில் போனதுதான் கூடுதல். சித்திரை, வைகாசி மாதங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பாட்டில் என்று மாற்றினோம். ஆடித் தள்ளுபடி வாரங்களில் ஊறுகாயும் கடைச் சாப்பாடும் திரும்ப வந்தன, பின்பு குறைந்தன.

ஓராண்டு முடிவில் ஹீமோகுளோபின் 11.8 ஆனது. இதில் பெரும்பங்கு ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தியதற்கும் மாத்திரைக்கும் உரியது. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தின் 3 மி.மீ. கல் அதே அளவில் இருந்தது. புதிய கல் இல்லை. இரண்டாம் ஆண்டு ஸ்கேனும் அவ்வாறே. கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் திரும்ப வருகிறது என்பதால், இரண்டு ஆண்டுகளை வைத்துக் கல் நின்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பல மாற்றங்கள் ஒரே சமயத்தில் செய்யப்பட்டதால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்தறியவும் இயலாது. ஆக்சலேட் பாதியாக இறங்கியதில் சாற்றை நிறுத்தியதும் தயிரைச் சேர்த்ததுமே முதன்மையானவை என்பது என் கணிப்பு.

இந்த உணவு முறை எல்லாக் கல்லுக்கும் பொருந்தாது. யூரிக் அமிலக் கல், கிருமித்தொற்றால் வரும் கல், பரம்பரைக் கோளாறால் வரும் சிஸ்டின் கல் ஆகியவற்றுக்கு வழி வேறு. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குக் காய்கறியிலும் வாழைத்தண்டுச் சாற்றிலும் உள்ள பொட்டாசியமே ஆபத்தாகலாம். அவர்கள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்காமல் இதைப் பின்பற்றக் கூடாது.

மாற்றிக்கொண்ட நடைமுறைகள்

முதல் கல் வெளியேறும் காலத்திலேயே, வடிகட்டியில் சிறுநீர் கழித்து, கல் கிடைத்தால் சிறு டப்பாவில் போட்டுக் கொண்டுவரச் சொல்லும் வழக்கம் இப்போது எங்கள் பிரிவில் உள்ளது. சாப்பிடக்கூடாதவை என்று அச்சிட்ட பட்டியலைக் கையில் கொடுத்தனுப்புவதை விட்டுவிட்டோம். கல் நோயாளி ஒவ்வொருவரிடமும் வேறு நோய்க்காக ஏதேனும் சாறோ பொடியோ மாத்திரையோ எடுக்கிறாரா என்ற கேள்வியை முதலிலேயே கேட்கிறோம். ரத்தசோகை, சர்க்கரை, உடல் எடை ஆகிய மூன்றுக்காகவும் பச்சைக் கீரைச் சாறு குடிப்பவர்கள் நாங்கள் எண்ணியதைவிடப் பலர். முதல் ஆலோசனைக்கே வீட்டில் சமைப்பவரையும் அழைத்துவரச் சொல்கிறோம்.

இந்த நோயாளியைப் பொறுத்தவரை, அடுத்த 24 மணி நேரப் பரிசோதனையை வசதியான மார்கழியில் வைக்காமல், வரும் மே மாதத்தில், கடையில் கூட்டம் மிகுந்த ஒரு முகூர்த்த வாரத்தின் வேலை நாளில் எடுப்பது என்று முடிவு செய்யப்பட்டுள்ளது. அன்று சிறுநீர் இரண்டு லிட்டருக்குக் குறைந்தாலோ சிட்ரேட் 320 மி.கி.க்குக் கீழே போனாலோ பொட்டாசியம் சிட்ரேட்டைத் தொடங்குவதாக மருத்துவர் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்.